கூடப் பிடித்த வரி

பணம் திரும்பி வருகிறது என்றால் யாருக்கும் சந்தோஷம்தான். எங்கள் கண்காணிப்பாளர் ஒச்சப்பன் சாருக்கு மட்டும் அது தலைகுனிவு. வருமான வரித் துறையிலிருந்து எந்தப் பேராசிரியருக்காவது ரீபண்டு வந்ததாகக் கேள்விப்பட்டால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். "அப்ப நாம கூடப் பிடிச்சிருக்கோம் ராதாம்மா. அந்தாளு வீட்டுக் காசை ஒரு வருசம் நாம முடக்கிப் போட்டிருக்கோம்" என்பார்.

நான் ஊருக்கு வெளியே ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வண்டியூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். சேர்ந்த புதிதில் டைப் அடித்தேன். பிறகு அகவிலைப்படி நிலுவை, பிறகு சேமநிதி, கடைசியாக வரிப் பிடித்தம். வேலை கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அந்தப் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்து கேட்கிறார்கள். "அக்கா, ஒச்சப்பன் சார் இருந்த காலத்துல யாருக்கும் ரீபண்டும் வராதாம், நோட்டீஸும் வராதாமே, எப்படிக்கா பாத்தீங்க?" அவர் பார்த்த விதத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் நினைவுக்கு வருகிற ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் முறையைச் சொல்லவேண்டும். ஒருவருக்கு அந்த வருடம் மொத்தம் எவ்வளவு சம்பளம் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, வீட்டுக் கடன், காப்பீடு போன்ற கழிவுகளைக் கழித்து, மீதிக்கு வரி போட்டு, அதை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கவேண்டும். குறைவாகப் பிடித்தால் அவர் பிறகு வட்டியோடு கட்டவேண்டி வரும். அதிகமாகப் பிடித்தால் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருந்து திரும்ப வாங்கவேண்டும். ஒச்சப்பன் சார் வருவதற்கு முன்னால் எங்கள் கல்லூரியில் பிப்ரவரி என்றாலே பயம்தான். பத்து மாதம் கொஞ்சமாகப் பிடித்துவிட்டு, கடைசியில் மொத்தமாக உருவுவார்கள். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் காப்பீடு கட்டப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டார். மகள் கல்யாணத்துக்குச் சத்திரம் பேசியிருந்த மாதத்தில் அவருக்குச் சம்பளம் என்று ஏறியதை வைத்து சத்திரத்துக்கு முன்பணம்கூடக் கொடுக்க முடியவில்லை. எங்கள் அறை வாசலில் நின்று, மாணவர்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

ஒச்சப்பன் சார் வந்தபிறகு அப்படி ஒரு பிப்ரவரி வரவில்லை. ஏப்ரலிலேயே ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். செல்லம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். படித்து வேலைக்கு வந்த பிறகும் பேச்சில் மேற்குப் பக்கத்துக் கிராமத்து வழக்கு போகவே இல்லை. "வாடகை எதுவும் வருதா? பேங்குல வட்டி வருதா? பேப்பர் திருத்தப் போனீகளா? அதுல எம்புட்டு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எரிச்சல்படுகிறவர்களிடமும் குரல் உயராது. எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார். வருடம் முடிகிற வரைக்கும் எந்தக் கணக்கும் முடிந்ததில்லை என்பார். அகவிலைப்படி ஏறினால் மறுபடி கணக்கு. ஊதிய உயர்வு வந்தால் மறுபடி. டிசம்பரில் கழிவுகளுக்கான சான்றுகளை வாங்கி, வித்தியாசத்தை மீதி மாதங்களுக்குப் பரப்பிவிடுவார். மார்ச்சில் கணக்கை முடிக்கும்போது கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்ட விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஜெயந்தி தாவரவியல் துறையில் உதவிப் பேராசிரியர். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம், அப்பாவுக்கு வெள்ளாமை. நன்றாகப் படித்து, தேர்வெழுதி, வேலைக்கு வந்தவள். கணவர் செந்தில் நிலம் வாங்கி விற்கிறவர். நாகமலை புதுக்கோட்டையில் ஜெயந்தியின் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். ஒரே மகள் காவ்யா, அப்போது பத்தாவது முடித்திருந்தாள்.

ஒருநாள் மதியம், சார் கண் ஆபரேஷனுக்காக நீண்ட விடுப்பில் இருந்த சமயம், ஜெயந்தி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் இந்த வருசம் சான்று எதுவுமே குடுக்கலைன்னா என்ன ஆகும்?"

"வரி கூடப் பிடிப்போம்."

"எம்புட்டு?"

சொன்னேன். மாதச் சம்பளத்தில் அது சின்னத் தொகை. வருடம் முழுக்கச் சேர்ந்தால் பெரிய தொகை.

"அது எனக்குத் திரும்பி வருமா?"

"ரிட்டன் போடுறப்ப வீட்டுக் கடனு, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் காட்டினா வரும். ஆனா அடுத்த வருசம்தான் வரும். எதுக்கு இப்பிடிக் காத்துக் கெடக்கணும்? இப்பவே சான்றக் குடுத்தா மாசாமாசம் கையில வரும்ல?"

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "எந்த அக்கவுண்டுக்கு வரும்கா?"

"நீங்க குடுக்குற அக்கவுண்டுக்கு."

"வேற அக்கவுண்டு குடுத்தாலும் வருமா? சம்பளம் விழுற அக்கவுண்டா இல்லாம?"

"உங்க பேர்ல இருந்தாப் போதும்."

அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்ததை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"சம்பளம் விழுந்த அன்னைக்கே அவர் எடுத்துருவாரு அக்கா. கார்டு அவர்ட்ட. மெசேஜும் அவர் போனுக்குத்தான் போகுது. எனக்குப் பஸ்ஸுக்கு வேணும்னாலும் அவர்ட்டதான் கேட்டு வாங்கணும். என்னத்துக்குன்னு சொல்லணும். மீதியக் குடுக்கணும்."

"சம்பள அக்கவுண்டையே மாத்திரலாமே. ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். யாரும் கேக்க முடியாது."

"மாத்தலாம். மாத்துன அன்னைக்குச் சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குத்தான அக்கா போகணும்?"

முழங்கைக்கு மேலே சேலையை விலக்கி, கன்றிப்போன இடத்தைக் காட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவள் திட்டம் தெளிவாக இருந்தது. காவ்யா பிளஸ் டூ முடித்ததும் வெளியூரில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்த்துவிடவேண்டும். அதே வாரத்தில் தானும் தனியாக ஒரு வீடு எடுத்துப் போய்விடவேண்டும். அன்றைக்குத்தான் சம்பளக் கணக்கை மாற்றுவது. அதற்கு முன்னால் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கவேண்டும். பிறந்த வீட்டில் கேட்க முடியாது. அண்ணன்மார் இரண்டு பேரும் பொறுத்துப் போ என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

"யார்ட்டயும் சொல்லாதீங்க அக்கா. சார்ட்டயும்தான். ஆம்பளைங்க ஏதாவது பேச்சுல சொல்லிருவாங்க."

இதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை. சான்று கொடுக்காதவருக்குக் கழிவு கொடுக்க முடியாது. அது எங்களுக்கு விதி. விதிப்படியே பிடித்தேன். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில், தெப்பக்குளத்துக்கு எதிரே இருக்கிற வங்கியில் அவளுக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தோம். முகவரி என் வீடு. கணவரிடம் சம்பளம் குறைந்ததற்கு, புது விதிமுறையில் எல்லோருக்கும் வரி ஏறிவிட்டது என்று சொல்லி வைத்தாள். அவர் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் பணம் வந்தது. ஜெயந்தி எங்கள் அறைக்கு ஏறக்குறைய ஓடிவந்தாள். "வந்துருச்சுக்கா" என்றாள், அவ்வளவுதான். கேன்டீனிலிருந்து எனக்கு ஒரு டீயும் வடையும் வாங்கி வந்தாள். அதற்கான காசு அவளிடம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றி, கேட்காமல் சாப்பிட்டேன். அவள் சிரித்துப் பேசி நான் பார்த்த ஒரே நாள் அது.

இரண்டாவது வருடமும் அப்படியே ஓடியது. ஒச்சப்பன் சார் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். ஏப்ரலில் அவர் கேட்டபோது, "சான்று எடுத்துட்டு வாரேன் சார்" என்று சொல்லிச் சொல்லியே ஜெயந்தி தள்ளிக்கொண்டு வந்தாள். டிசம்பரும் வந்தது.

அன்றைக்கு நான் கருவூலத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சார் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ராதாம்மா, ஜெயந்தி மேடம் கணக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவங்க வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சான்று குடுத்ததே நாந்தேன். வட்டி கட்டுறவுகளுக்கு இம்புட்டு வரி எப்பிடி வரும்? போன் போட்டேன். அவங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கொடைக்கானல் மலைக்குச் செடி பாக்கப் போயிருக்காகளாம். லைன் போகல. சரின்னு வீட்டு நம்பருக்குப் போட்டேன். வீட்டுக்காரர் எடுத்தாரு. நல்ல மனுசன். எல்லாம் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில சான்றோட வாரேன்னுட்டாரு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன சொன்னீர்கள், எவ்வளவு சொன்னீர்கள் என்று கேட்டேன். கூடப் பிடித்த தொகை முழுவதையும் சொல்லியிருந்தார். இந்த வருடத்து விவரம் மட்டும்தானா என்று கேட்டேன். மட்டும்தான் என்றார். அப்படியானால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். சான்று கொடுக்க மறந்துவிட்டேன் என்று ஜெயந்தி சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு அழைத்துப் பார்த்தேன். மலையில் எங்கேயோ இருந்தாள், தொடர்பு கிடைக்கவே இல்லை.

மறுநாள் காலையில், சாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உள்ளே நுழைந்தால், செந்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வங்கிச் சான்று, காப்பீட்டு ரசீது, பள்ளிக் கட்டணம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பேராசிரியர்கள் யாருமே அப்படிக் கொண்டுவந்ததில்லை. சார் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டார்.

"ரொம்பத் தேங்க்ஸ் சார். வீட்ல அவளுக்கு இதெல்லாம் கவனிக்க நேரமில்ல" என்றார் செந்தில்.

"அதனால என்ன. இது வரைக்கும் கூடப் பிடிச்சத வர்ற மாசங்கள்ல நேர் பண்ணிருவேன். சனவரியில இருந்து சம்பளம் கூட வரும். போன வருசம் நான் லீவு. அதுல கூடப் போனதுதேன் ரீபண்டா வந்திருக்குமே?"

"சார், அது வேற கணக்கு..." என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"என்ன வேற கணக்கு? அதுவும் இதே கணக்குத்தேன். இந்தா பாருங்க" என்று போன வருடத்தின் பிடித்தத்தைத் திருப்பிக் காட்டினார்.

செந்தில் குனிந்து பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். "வந்திருக்கும் சார். அவ சொல்லியிருப்பா. எனக்குத்தான் ஞாபகமில்ல." என்னைப் பார்த்தும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், "பஸ் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். களப்பயணம் போன பஸ் சாயங்காலம் தேனி ரோடு வழியாகத் திரும்பும். ஜெயந்தி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கிக்கொள்வாள். இறங்கியதும் பிடித்து என் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று அவரே சொன்னார். மதியத்திலிருந்து அவர் மேசையில் ஒரு தாளையும் புரட்டவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நேரத்தோடு போய் நிறுத்தத்தில் நின்றோம்.

செந்தில் எங்களுக்கு முன்னாலேயே காரோடு வந்து நின்றிருந்தார்.

"சார், நீங்க எங்க இங்க?" என்றார்.

"ஒரு வேலையா வந்தோம்" என்றார் ஒச்சப்பன் சார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது.

பஸ் வந்தது. மாணவிகள் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி ஒரு கையில் பையும் இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய செடிகளுமாகச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். முதலில் கணவரைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு சாரை. மூன்று பேரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஜெயந்தி, எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன். ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"நாளைக்கு வருவா மேடம். களைச்சுப் போயிருக்கா பாருங்க" என்று செந்தில் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"அம்மா, நீங்க வாங்க" என்று ஒச்சப்பன் சார் ஒரு அடி முன்னால் வந்தார். பஸ்ஸில் மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "வீட்ல காவ்யா தனியா இருப்பா சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மறுநாள் அவள் வரவில்லை. படியில் வழுக்கி விழுந்துவிட்டதாக விடுப்புக் கடிதம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இருந்தாள். சாரும் நானும் போனோம். இடது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது காதில் பஞ்சு. செவிப்பறை கிழிந்துவிட்டதாகவும், அந்தக் காதில் கேட்பது கஷ்டம் என்றும் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். தெப்பக்குளத்து வங்கிக் கணக்கில் இருந்ததை அதற்குள் செந்தில் மாற்றி வாங்கியிருந்தார். அந்த வங்கி வாசலில் அவளைக் காரிலிருந்து இறக்கி, பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்திருக்கிறார்.

சார் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அழாதீங்க சார்" என்றாள் ஜெயந்தி. "நீங்க கணக்கச் சரியாத்தான பாத்தீங்க."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வார்த்தை அவரை என்ன செய்தது என்று பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும்.

புகார் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். ஜெயந்தியும் சரி என்றாள். கட்டுப் போட்ட கையோடு மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தாள். சாட்சி சொல்ல நாங்கள் இரண்டு பேரும் போனோம். அங்கே இருந்த அதிகாரி சாரிடம் கேட்டார்.

"அடிச்சத நீங்க பாத்தீங்களா சார்?"

"பாக்கல."

"சத்தம் கேட்டீங்களா?"

"கேக்கல. ஆனா எனக்குத் தெரியும்மா. நான் சொன்னதுனாலதேன் அடிச்சாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரி கூடப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

அங்கிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதற்குள் கொட்டாம்பட்டியிலிருந்து அண்ணன்மார் வந்து சேர்ந்தார்கள். வெளியே மரத்தடியில் செந்திலோடு பேசினார்கள். பெண் பிள்ளை இருக்கிற வீடு, கோர்ட்டு கேஸ் என்று போனால் நாளைக்கு யார் வருவார்கள் என்றார்கள். மாலைக்குள் சமாதானம் எழுதிக் கையெழுத்தானது. ஜெயந்தி அதே காரில் ஏறிப் போனாள்.

டிசம்பர் முடிந்து சம்பளப் பட்டியல் போடும் வேலை வந்தது. சான்றுகள் எல்லாம் சார் மேசையில் இருந்தன.

"சார், இந்த ஒரு தடவை மட்டும்" என்றேன். "சான்று லேட்டா வந்துச்சுன்னு வச்சுக்குவோம். பழையபடியே பிடிப்போம். அடுத்த வருசம் அவளுக்குத் திரும்பி வரும்ல?"

"எந்த அக்கவுண்டுக்கு வரும் ராதாம்மா? இனிமே அதுவும் அவருக்குத் தெரியுமே." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "அதுவும் போக, கையில சான்ற வச்சுக்கிட்டு இல்லைன்னு எப்பிடி எழுதுவேன்? கை வரமாட்டேங்குது."

எழுதவில்லை. கூடப் பிடித்ததை நேர் செய்து, அந்த மாதம் ஜெயந்திக்கு வரியே இல்லாமல் சம்பளம் போட்டார். போட்டுவிட்டு வெளியே போய் முகம் கழுவி வந்தார்.

சம்பளம் ஏறிய மறுநாள் செந்தில் எங்கள் பிரிவுக்கு வந்தார். கையில் நெய் வடியும் அல்வாப் பொட்டலம். "சாராலதான்" என்று எல்லோர் மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். விஷயம் தெரியாதவர்கள் சாப்பிட்டார்கள். சார் தன் பங்கை இலையோடு எடுத்துப் போய்க் குப்பைக் கூடையில் போட்டார், செந்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. செந்தில் அதற்கும் சிரித்தார்.

அதன்பிறகு வருடா வருடம் ஏப்ரலில் முதல் ஆளாகச் செந்தில்தான் வருவார். வட்டி எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, விடைத்தாள் திருத்தியதில் வந்தது எவ்வளவு, எல்லாம் அவர் வாயிலிருந்தே துல்லியமாக வரும். எங்கள் கல்லூரியிலேயே கூடவோ குறையவோ இல்லாத கணக்கு ஜெயந்தியுடையதுதான். ரீபண்டும் இல்லை, நோட்டீஸும் இல்லை. ஒச்சப்பன் சார் இதைப் பற்றிப் பிறகு யாரிடமும் பெருமை பேசி நான் கேட்கவில்லை. ஏப்ரலில் ஆட்களைக் கூப்பிடுவார், தண்ணீர் கொடுப்பார், கேட்பார். ஆனால் வீட்டுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார்.

காவ்யாவை விடுதியில் சேர்க்க முடியவில்லை. பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். செந்திலுக்குத் தொழிலில் பணம் போட்டிருந்த ஒருவருடைய மகன். ஒருநாள் காவ்யா வீட்டில் இல்லை. கூடப் படித்தவளோடு கோயம்புத்தூருக்குப் போய், ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்துவிட்டாள். இது பிறகு தெரிந்தது. அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று ஜெயந்தி சொன்னதில்லை. மறுவாரம் வேலைக்கு வந்தாள், பாடம் எடுத்தாள்.

சில மாதம் கழித்து எங்கள் பிரிவுத் தொலைபேசி அடித்தது. சார் எடுத்தார். "சம்பளப் பிரிவு" என்றார். பிறகு எழுந்து நின்றுவிட்டார். ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "ஜெயந்தி மேடத்தக் கூட்டிட்டு வா. ஓடு" என்றார்.

அம்மாவின் கைபேசிக்கு அழைத்தால் அப்பா எண்ணைப் பார்த்துவிடுவார். அதனால் கல்லூரி எண்ணைத் தேடிப் பிடித்து காவ்யா எங்களுக்கு அழைத்திருந்தாள். ஜெயந்தி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். ரிசீவரை வலது காதில் வைத்துக்கொண்டாள். நானும் சாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். யாரோ ஒரு பேராசிரியர் கையில் தாளோடு வந்தார். சார் வாசலை மறித்துக்கொண்டு, "உள்ள முக்கியமான கணக்கு நடக்குது. அப்பறம் வாங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அன்றைக்கு நன்றாகச் சொன்னார்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை அழைப்பு வந்தது. சார் ஓய்வு பெற்றுச் செல்லம்பட்டிக்குப் போனபிறகும் எனக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "பிள்ளை பேசுச்சா?" பேசியது என்றால் வைத்துவிடுவார். போன வருடம் மழைக்கு முன்னால் அவர் காலமானார். சாவு வீட்டுக்கு ஜெயந்தியால் வர முடியவில்லை. கேட்டு வாங்கவேண்டிய அனுமதிகளில் அதுவும் ஒன்று.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது வரிக்குப் பழைய முறையா புதிய முறையா என்பதிலிருந்து எல்லாவற்றையும் அவரவர் கைபேசியிலேயே பதிகிறார்கள். ஜெயந்தியுடையதைச் செந்தில் பதிகிறார். சம்பளப் பிரிவில் யாரும் போய் உட்கார வேண்டியதில்லை. அந்தத் தொலைபேசியையும் எடுத்துவிட்டார்கள். காவ்யா இப்போது எனக்குத்தான் அழைக்கிறாள்.

அதனால் மாதம் ஒருநாள் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறேன். வாசலில் கேட்டால் ஓய்வூதிய வேலை இருக்கிறது என்பேன். தாவரவியல் துறைக்குப் பின்னால், செடிகள் வளர்க்கிற வலைக் கொட்டகைக்குள் ஜெயந்தி வருவாள். என் கைபேசியில் மகளோடு பேசுவாள். வீடியோவில் முகம் பார்த்துப் பேசச் சொன்னேன். அழுத கண்ணோடு வீட்டுக்குப் போக முடியாது அக்கா என்று மறுத்துவிட்டாள். நீயும் கோயம்புத்தூர் போய்விடேன் என்றும் சொன்னேன். "நான் போனா அவரு தேடி வருவாரு. இப்ப அவ இருக்கிற எடம் அவருக்குத் தெரியாது. அது அப்பிடியே இருக்கட்டும்" என்றாள்.

போன மாதம் போனபோது அவள் கைபேசியை வலது காதில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி வைத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இந்தக் காதும் போயிருச்சு போல அக்கா. கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். கிட்ட நின்னு சத்தமாச் சொன்னாத்தான் தெரியுது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. கைபேசியை என் காதில் வைத்தேன். மறுமுனையில் காவ்யா, "அம்மா? அம்மா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கேக்குது, சொல்லு தங்கம்" என்றேன்.

அவள் சொன்னாள். நான் ஜெயந்தியின் தோளைப் பிடித்துக் கிட்டே இழுத்து, அவள் காதருகே குனிந்து, வெளியே நடக்கிறவர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

"சாப்பிட்டியாம்மான்னு கேக்குறா."